தலையாரி போன பிறகு

கூட்டமைப்பு ஆரம்பித்த புதிதில் நமக்கென்று கட்டடம் கிடையாது. சத்துணவு மையத் திண்ணையில்தான் கூட்டம். சேமிப்பு எண்ணி, கடன் பேசி, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கி முடிக்க ராத்திரி எட்டு ஆகிவிடும். பாதிப் பேர் கம்மாக்கரை வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். அரைக் கிலோமீட்டருக்கு ஒரு விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் கருவேலம் புதர். ஒருநாள் அந்த இருட்டில் நம்ம உறுப்பினர் ஒருவர் கழுத்தில் கிடந்த தாலிச் செயினை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் பதினைந்து பேர் கிளம்பிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மனுவை வாங்கிய ஏட்டையா, "அந்த ரோட்டுல லைட்டே இல்லையேம்மா, பொதரு வேற. மொதல்ல பிரசிடெண்ட்டுகிட்ட சொல்லி லைட்டப் போடச் சொல்லுங்க" என்றார். அங்கிருந்து ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தோம். "திருடனப் பிடிக்கிறது போலீசு வேலை. பஞ்சாயத்து என்னம்மா பண்ணும்?" என்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதிலும் பாதி பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து வைக்க ஆள் இல்லை. அன்றைக்கு நடுவில் நின்றது நாம்தான், காலில் செருப்பு தேய.

இந்த மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. ஊராட்சியும் போலீசும் எப்போதிலிருந்து இப்படித் தனித்தனியாக நிற்கின்றன? அதற்கு முன்னால் ஊரை யார் காத்தார்கள்? படித்துத் தெரிந்துகொண்டதையும், நாம் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஊரே காவல் என்ற காலம்

பழைய கதை என்றதும் எல்லோரும் உத்திரமேரூர் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டியது. குடவோலை முறையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஊர்க் காரியம் பார்க்க ஆள் எடுத்தார்கள். பதவி ஒரு வருசம்தான். முன்னால் பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய சொந்தக்காரரும் வர முடியாது. பிறர் பொருளைக் களவாண்டவருக்கும் இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்குப் பொறுப்பு இல்லை என்பது நம்ம குழு விதியில் இருப்பதுதான், ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள் என்பது சந்தோஷம். ஆனால் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். அது நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. வயலில் நாற்று நட்ட பெண்ணுடைய பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை.

அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற சொல் வரும். ஊரைக் காவல் காப்பதற்காகக் குடிகள் கொடுத்த வரி அது. அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் நம்ம தென்மாவட்டங்களில் காவல்காரர் முறை இருந்தது. களத்தில் நெல் அடிக்கும்போது காவல்காரருக்கு ஒரு பங்கு அளந்துவிட வேண்டும். பதிலுக்கு மாடு காணாமல் போனாலோ, வீடு கன்னம் வைக்கப்பட்டாலோ, பொருளைக் கண்டுபிடித்துத் தருவது அவர் பொறுப்பு. கண்டுபிடிக்க முடியாவிட்டால் அவரே ஈடு கொடுக்க வேண்டும். கேட்க நல்ல ஏற்பாடாகத்தான் தெரியும். இன்றைக்குச் செயின் போனால் ஈடு தருகிற ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. 'துப்புக்கூலி' என்று ஒன்று. மாடு எங்கே இருக்கிறது என்று துப்புச் சொல்ல ஒரு தொகை வைத்தால், மாடு ராவோடு ராவாகத் தொழுவத்துக்குத் திரும்பி வந்துவிடும். காவல் கொடுக்க மறுத்த ஊரில்தான் களவு அதிகம் நடக்கும். காவலுக்கும் களவுக்கும் நடுவில் இருக்கிற வரப்பு எவ்வளவு சன்னம் என்று அந்தக் காலத்து ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும்.

மணியக்காரரும் தலையாரியும்

வெள்ளைக்காரன் வந்த பிறகு இதை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று பல விதமாகச் செய்து பார்த்தான். 1816இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. பின்னால் சென்னைக்குக் கவர்னரான தாமஸ் மன்றோ அதற்கு முக்கியக் காரணம். ஊர் மணியக்காரர்தான் ஊருக்குப் போலீஸ், அவருக்குக் கீழே தலையாரி, மேலே தாசில்தார், அதற்கும் மேலே கலெக்டர். சில்லறைக் குற்றத்துக்கு மணியக்காரரே ஆளைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அதே சட்டத்தில், கீழ்சாதி என்று சொல்லப்பட்டவர்களாக இருந்தால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி வைக்கலாம் என்றும் எழுதியிருந்தது. தொழுமரம் என்பது ஓட்டை போட்ட மரக்கட்டை. சாவடி ஒருத்தருக்கு, கட்டை இன்னொருத்தருக்கு. ஊர்க் கையில் காவல் இருந்தது என்று புகழ்ந்து பேசுகிறவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டுப் பேசலாம்.

இதில் பெரிய கோளாறு ஒன்று இருந்தது. வரி வசூலிக்கிற கையும் போலீஸ் கையும் ஒரே கை. தீர்வை பாக்கி வைத்த குடியானவனை அதே ஆட்கள் பிடித்துக் கிட்டி போட்டார்கள். இரண்டு குச்சிக்கு நடுவில் விரலை வைத்து நெரிப்பதுதான் கிட்டி. இந்தக் கொடுமை லண்டன் வரைக்கும் பேச்சாகி, விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855இல் அந்த அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு 1859இல் தனிச் சட்டம் போட்டு, வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரித்துத் தனிப் படையாக்கினார்கள். இன்றைக்கு நாம் ஸ்டேஷனுக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் நடக்கிறோமே, அந்தப் பாதை பிரிந்த இடம் இதுதான். காரணம் இல்லாமல் பிரிக்கவில்லை. ஒரே கையில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்று பட்ட பிறகுதான் பிரித்தார்கள். சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று நாம் கேட்கும்போது இதையும் மறக்கக் கூடாது.

தனிப் படை வந்தாலும் கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும் அப்படியே இருந்தார்கள். ஊரில் தூக்குப் போட்டுக்கொண்டாலோ கிணற்றில் விழுந்து செத்தாலோ மணியக்காரர்தான் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்புவார். போலீஸ் வருகிற வரைக்கும் பிணத்துக்குத் தலையாரி காவல். தமுக்கு அடிப்பதும் அவர், ராத்திரி கம்பை ஊன்றிக்கொண்டு தெருச் சுற்றுவதும் அவர். எங்கள் அப்பத்தா சொல்லும்: "தலையாரி செருமுற சத்தம் கேட்டாத்தான் எங்களுக்குத் தூக்கமே வரும்." சரிதான். ஆனால் அதே அப்பத்தா இன்னொன்றும் சொல்லும். புருசன் அடித்து மண்டை உடைந்து ஒரு பெண் மணியக்காரர் திண்ணைக்குப் போனால், எழுதுகோலையே எடுக்க மாட்டாராம். "வீட்டுச் சண்டைய ஏன் தாயி வீதிக்குக் கொண்டாற?" என்று அனுப்பிவிடுவாராம். திருட்டு எழுதப்படும், சாவு எழுதப்படும், அடி எழுதப்படாது. எழுதப்படாத குற்றம் நடக்காத குற்றம் ஆகிவிட்டது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரையாக வந்த கிராம அதிகாரிகளின் பதவியை ஒழித்தது. மணியமும் கணக்குப்பிள்ளையும் போய், அரசு சம்பளத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தலையாரி இப்போது கிராம உதவியாளர். நியாயமான மாற்றம்தான். ஒரு வீட்டுக்கே சொந்தமாக இருந்த அதிகாரம் பொதுவாயிற்று. ஆனால் ராத்திரி தெருச் சுற்றும் வேலை யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருந்தது.

ரேகைச் சட்டம்

போலீசும் ஊரும் சேர்ந்து குற்றத்தைத் தடுப்பது என்ற பேச்சு இப்போது புதிதாக வந்தது என்று நினைத்தால் தப்பு. நூறு வருசத்துக்கு முன்னால் நம்ம மதுரைச் சீமையிலேயே அதைச் செய்தார்கள். எப்படிச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற ஒன்று முதலில் 1871இல் வடக்கே வந்தது. 1911இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். இன்ன சாதியில் பிறந்தவர் எல்லாம் பிறவியிலேயே குற்றவாளி என்று ஒரு பட்டியல். அதில் பிறமலைக் கள்ளர்களைச் சேர்த்தார்கள், வேறு பல சமூகங்களையும் சேர்த்தார்கள். பத்து விரல் ரேகை வைக்க வேண்டும். அதனால் ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். ஆண்கள் ராத்திரி ஸ்டேஷனுக்கோ சொன்ன இடத்துக்கோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவனும் ராத்திரி வீட்டில் இருக்க முடியாது. அந்த வீட்டுப் பெண்கள் ராத்திரி ஆண் துணை இல்லாமல் கிடந்ததைப் பற்றி எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற ஒரு பெண்ணும் உண்டு. குண்டுபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். நினைவுத் தூண் இன்றும் இருக்கிறது.

சுட்ட பிறகு அரசு வேறு வழியும் பார்த்தது. ஊர் ஊராகப் பஞ்சாயத்து அமைத்து, களவு போனால் பஞ்சாயத்தே கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும் என்று பொறுப்புக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள், கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்தார்கள். அந்தக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடமும் கடன் சங்கமும் நல்லதுதான். ஆனால் ஒரு பக்கம் ரேகை, ராத்திரிக் காவல், மறு பக்கம் பள்ளிக்கூடம் என்று இரண்டையும் ஒரே துறை நடத்தியது. பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. போன வருசம் நம்ம கூட்டத்தில் ஒருவர், "வடக்கத்திப் பையனுக செங்கல் சூளைக்கு வந்திருக்கானுக, அவனுக பேரையெல்லாம் எழுதி ஸ்டேஷன்ல குடுப்போம்" என்றார். செங்கல் சூளைக்கு வந்த பையன் ஒன்றும் பண்ணவில்லை. வந்திருக்கிறான், அவ்வளவுதான். ஒருத்தன் தப்புப் பண்ணினால் அவன் பேரைக் கொடுப்போம். ஒரு கூட்டத்தின் பேரை மொத்தமாகக் கொடுப்பது ரேகைச் சட்டம். நம்மில் பாதி வீட்டுத் தாத்தன்கள் ரேகை வைத்தவர்கள். நாமே இதைச் செய்யலாமா என்று கேட்டேன். தீர்மானம் எழுதவில்லை.

பெண்கள் உள்ளே வந்த வருசங்கள்

1989இல் தர்மபுரி மாவட்டத்தில் முதல் சுயஉதவிக் குழுக்கள் ஆரம்பித்தது நமக்கெல்லாம் தெரியும். 1997க்குப் பிறகு மகளிர் திட்டம் மாநிலம் முழுவதும் வந்தது. அதே பத்து வருசத்துக்குள் இன்னும் சில காரியங்கள் நடந்தன. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். 1994இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்து, 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஆயிற்று. 2016இல் அதைப் பாதியாக்கினார்கள். முதல் தேர்தலில் ஜெயித்த எத்தனையோ பெண் தலைவர்களின் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு மனுவில் கையெழுத்து வேண்டுமென்றால் முதலில் 'பிரசிடெண்ட் வீட்டுக்காரர்' எழுந்து வெளியே போகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்!

இந்த நேரத்தில் பக்கத்து ஆந்திராவில் நடந்த ஒன்று நம் எல்லோருக்கும் பாடம். நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற ஊரில், அறிவொளி வகுப்பில் சாராயத்தைப் பற்றி ஒரு பாடம் படித்த பெண்கள், 1992இல் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவியது, சாராயக் கடை ஏலத்தையே நடக்க விடாமல் மறித்தார்கள். சாராயம் அரசுக்கு வருமானம் என்பதால் அதிகாரிகளும் போலீசும் ஆரம்பத்தில் எதிர்ப்பக்கம்தான் நின்றார்கள். கடைசியில் 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. குடிக்குப் போன காசு மிஞ்சியதும், தினம் ஒரு ரூபாய் சேர்ப்போம் என்று அந்தப் பெண்கள் 'பொதுபுலட்சுமி' என்ற சேமிப்புக் குழுக்களை ஆரம்பித்தார்கள். நாம் சேமிப்பில் ஆரம்பித்துச் சாராயத்துக்கு வந்தோம். அவர்கள் சாராயத்தில் ஆரம்பித்துச் சேமிப்புக்கு வந்தார்கள்.

நம்ம பக்கத்தில் போலீசாரே சில முயற்சிகளை எடுத்தார்கள். 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப், 'காவல்துறை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பொதுமக்களில் ஆர்வம் உள்ளவர்களைச் சேர்த்து ரோந்து, போக்குவரத்து, தகவல் என்று துணைக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு அது மாநிலம் முழுவதும் பரவியது. திருச்சியில் 1999 முதல் கமிஷனராக இருந்த ஜே.கே. திரிபாதி வேறு மாதிரி செய்தார். நகரத்தை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதே காவலர்களை நிரந்தரமாகப் போட்டார். தெருவில் புகார்ப் பெட்டி வைத்தார்கள். குடிசைப் பகுதிகளைப் போலீஸ் தத்தெடுத்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரிந்த போலீஸ்காரர் என்றால் ஸ்டேஷன் வாசல்படி ஏறாமலேயே விஷயத்தைச் சொல்லிவிடலாம். என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் இதுதான் நல்ல முறை. ஆனால் அதிகாரி மாறினால் ஏற்பாடும் தேய்ந்துபோகிறது என்பது நாம் எல்லா ஆபீசிலும் பார்ப்பதுதான்.

காவல்துறை நண்பர்கள் கதை வேறு மாதிரி முடிந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அதில் தன்னார்வலர்களாகத் துணைக்கு இருந்தவர்கள் மேலும் குற்றச்சாட்டு வந்தது. ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்பையே தடை செய்தது. உதவிக்கு வந்தவன் கையில் எப்போது கம்பு வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. இதனால்தான், "ஸ்டேஷன்ல ஐடி கார்டு தர்றாங்க, ராத்திரி ரோந்துக்கு நாமளும் போவோம்" என்று நம்ம சகோதரிகள் சிலர் ஆசைப்பட்டபோது நான் வேண்டாம் என்றேன். தகவல் சொல்வது நம்ம வேலை. லைட் போடச் சொல்வது நம்ம வேலை. எழுதி வாங்கி, பின்னாலேயே போய்க் கேட்பது நம்ம வேலை. ஆளைப் பிடிப்பதும் அடைப்பதும் நம்ம வேலை இல்லை.

சட்டம் யார் மேல் என்ன வைத்திருக்கிறது

அந்த ஏட்டையாவும் ஊராட்சிக்காரர்களும் சொன்னதற்கு வருகிறேன். 1994 ஊராட்சிச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ரோடு, சாக்கடை, குடிநீர் இவற்றோடு தெருவிளக்கும் அதில் இருக்கிறது. அதனால் விளக்கு நாம் கேட்டு வாங்குகிற தயவு இல்லை.

அதேபோல போலீஸ் விஷயம் எங்களுக்கு இல்லை என்று ஊராட்சி சொல்லவும் முடியாது. 1973ஆம் வருசக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று. திருட்டுப் பொருள் வாங்கி விற்கிறவன் ஊரில் இருந்தாலோ, ஜாமீனில் விட முடியாத குற்றம் நடந்தாலோ, சந்தேகமான சாவு நடந்தாலோ, கிராமக் காரியம் பார்க்கிறவர் உடனே தகவல் சொல்ல வேண்டும். கிராமக் காரியம் பார்க்கிறவர் என்றால் ஊராட்சி உறுப்பினரும் அதில் அடக்கம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. ஊரில் குடியிருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கடமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. அந்தக் காலத்து மணியக்காரர் வேலை பேர் மாறி வார்டு மெம்பருக்கு வந்திருக்கிறது. நான் கேட்டுப் பார்த்த மெம்பர்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. நம்ம கூட்டமைப்பிலிருந்து ஜெயித்த இருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். இது எங்கள் எல்லை இல்லை என்று சொன்னாலும், முதலில் பதிந்துவிட்டுப் பிறகு அந்த ஸ்டேஷனுக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்பதுதான் புதிய சட்டம். சாட்சி சொல்லப் பெண்ணை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

நம்ம கடன் நோட்டில் நடந்தது

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். சில வருசத்துக்கு முன்னால் ஒரு உறுப்பினர் மகள் கல்யாணச் செலவுக்கு என்று கடன் கேட்டார். தவணை தவறாதவர். தீர்மானம் போட்டோம், பணம் கொடுத்தோம், கைதட்டினோம். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது யாரோ 1098க்குப் போன் போட்டுவிட்டார்கள். பெண்ணுக்கு வயசு பதினாறு. குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாவட்ட சமூக நல அலுவலர்தான் நம்ம மாநிலத்தில் தடுப்பு அதிகாரி. அவர் ஆபீசிலிருந்து ஆள் வந்தது, மகளிர் போலீஸ் வந்தது, ஊராட்சித் தலைவர் வந்தார். எழுதி வாங்கிக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். ஊராட்சி, போலீஸ், சமூக நலத்துறை மூன்றும் ஒரே நாளில் ஒரே வாசலில் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு நாம் எங்கே நின்றோம்? அந்தக் குற்றத்துக்குப் பணம் கொடுத்த பக்கம் நின்றோம். வயசு என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா எட்டு மாசம் கூட்டத்துக்கு வரவில்லை. போன் போட்டது நான்தான் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இல்லை, ஆனால் நானாக இருந்திருக்க வேண்டும். பெண் பிளஸ் டூ எழுதினாள்.

அதற்கப்புறம்தான் நம்ம கடன் விண்ணப்பத்தில், கல்யாணக் கடன் என்றால் மணமக்கள் இரண்டு பேருடைய வயசுச் சான்று நகல் வேண்டும் என்ற வரி சேர்ந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். மற்ற எந்த ரோந்தையும்விட இந்த ஒரு வரி அதிகம் தடுத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சிறுபிள்ளைகளுக்கு நடக்கிற பாலியல் குற்றத்தில் இன்னும் கண்டிப்பு. 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 'பேசி முடிச்சிக்குவோம்' என்று ஊர்ப் பஞ்சாயத்துப் பேசுகிற இடத்துக்கு நம்ம பெயரையோ கூட்டமைப்புக் கட்டடத்தையோ கொடுக்கக் கூடாது. பிள்ளையின் பெயரும் வெளியே வரக் கூடாது. தீர்மான நோட்டில்கூட எழுதாதீர்கள்.

சாராயம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பெண்களும் உண்டு. கலெக்டரை மாற்றினார்கள், எஸ்.பி.யைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அது ஏதோ மலைக்காட்டில் ஒளித்து விற்ற சரக்கு இல்லை. ஊருக்கு நடுவே விற்றது. அக்கம்பக்கத்தில் தெரியாமலா இருந்திருக்கும்? யாரிடம் சொல்வது, சொன்னால் நம்ம பெயர் விற்கிறவன் காதுக்கு எவ்வளவு நேரத்தில் போகும் என்ற பயம்தான் வாயைக் கட்டியிருக்கும். அந்தப் பயம் நம்ம ஊரிலும் இருக்கிறது. அதனால்தான் கள்ளச்சாராயத் தகவலைத் தனி ஆள் பெயரில் கொடுக்க வேண்டாம், கூட்டமைப்பு லெட்டர்பேடில், ஸ்டேஷனுக்கு ஒன்று, எஸ்.பி. ஆபீசுக்கு ஒன்று, கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று என்று மூன்று நகல் அனுப்புவது என முடிவு செய்தோம். மூன்று இடத்தில் இருக்கிற காகிதம் மூன்று இடத்திலும் தொலைவது கஷ்டம்.

கம்மாக்கரைக்கு இப்போது ஏழு போஸ்ட் வந்திருக்கிறது. முதல் மனுவிலிருந்து விளக்கு எரிய மூன்று கிராம சபை ஆயிற்று. புதரை நூறுநாள் வேலையில் நாமே வெட்டினோம். செயின் கிடைக்கவில்லை. ஏழில் இப்போது இரண்டு எரியவில்லை, ஐந்தாவதும் ஆறாவதும். அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். பீட் காவலரையும் அன்றைக்கு வரச் சொல்லி ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தாயிற்று. கையெழுத்துப் போடாத குழுக்கள் வியாழக்கிழமைக்குள் வந்து போட்டுவிட்டுப் போங்கள்.